அவர் தூக்கும் கையும் நீ தூக்கும் கையும்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் முழுதாகப் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி அழைத்தால் நாலு வார்த்தையில் முடித்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். நாற்று நடுகிறவர்களும் மூட்டை சுமக்கிறவர்களும் தோள்பட்டை வலியென்று உன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள், ஸ்கேன் எடுக்க வேண்டுமானால் மாவட்டத் தலைநகருக்குத்தான் அனுப்ப வேண்டும், வெறும் கையால் எவ்வளவு கண்டுபிடிக்கலாம் என்று கேட்டாய். பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்கலாம். நீ மருத்துவர், நான் பிசியோதெரபிஸ்ட். ஆனாலும் மருத்துவர்கள் சீட்டு எழுதி அனுப்பிய தோள்களை முப்பது ஆண்டுகள் பிடித்துப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு தோள்களும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆண்களைச் சட்டையைக் கழற்றச் சொல். பெண்களுக்குத் திரையை இழுத்துவிட்டு, செவிலியரை உடன் வைத்துக்கொண்டு, துண்டை அக்குளுக்குக் கீழே சுற்றிக்கொள்ளச் செய். பிறகு பின்னால் போய் நில். தோள்பட்டை எலும்பின் முகட்டுக்கு மேலும் கீழும் உள்ள சதை ஒரு பக்கம் மட்டும் வற்றிக் குழிந்திருந்தால், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் கிழிந்து பல நாள் ஆகியிருக்கலாம், அல்லது நரம்பு கெட்டிருக்கலாம். காறை எலும்பின் உள்முனையிலிருந்து தோள் நுனிவரை விரலால் அழுத்திக்கொண்டே வருவது ஒரு நிமிட வேலைதான்.

அதன் பிறகு செய்வதுதான் முக்கியம். கையை அவரே தூக்கட்டும். பிறகு அதே கையை அவர் தளர்த்திவிட, நீ தூக்கு. அவரால் முடியாதது உன்னால் முடிகிறதா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டவைத்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல் வெளிப்புறம் திருப்பிப் பார். நீ திருப்பினாலும் கை மறுபக்கத்தின் பாதி தூரம்கூடப் போகாமல் நடுவில் முட்டி நின்றுவிட்டால், அது பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது மூட்டு இறுகிப்போன தோள். 1934இல் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் வைத்த பெயர் அது. சர்க்கரை நோயாளிகளுக்கு மிகுதியாக வருவது என்பதால் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடு. ஒரு எக்ஸ்ரேயும் வேண்டும். மூட்டுத் தேய்மானத்திலும் கை இப்படியே முட்டும். வலிப்பு வந்தோ மின்சாரம் தாக்கியோ தோள் பின்பக்கமாக நழுவியவர்களுக்கும் கை வெளியே திரும்பாது, நேர்முகமாக எடுத்த படத்தில் அது எளிதில் தப்பிவிடும் என்பதால் பக்கவாட்டுப் படத்தையும் கேள். திருப்பும்போது உன் மற்றொரு கை தோள்பட்டை எலும்பை அழுத்திப் பிடித்திருக்கட்டும். இல்லாவிட்டால் மூட்டு அசையாமலே எலும்பு நகர்ந்து உன்னை ஏமாற்றும்.

அவரால் தூக்க முடியாத கையை நீ தடையின்றி மேலே கொண்டுபோக முடிந்தால் தசைநாணைச் சந்தேகி. பக்கவாட்டில் தூக்கும்போது சுமார் 60 டிகிரியிலிருந்து 120 வரை மட்டும் வலித்து, அதற்கு மேல் வலி விட்டுவிட்டால், தோள் நுனி எலும்புக்கு அடியில் தசைநாண் நெருக்குப்படுகிறது என்று கொள்ளலாம். கையைத் தோள் உயரத்தில் சற்று முன்பக்கமாக நீட்டி, டம்ளரைக் கவிழ்ப்பதுபோல் கட்டைவிரலைக் கீழ்நோக்கி வைக்கச் சொல்லி, மேலிருந்து அழுத்து. இதில் வலித்தது என்பதைவிடக் கை தாழ்ந்துவிட்டது என்பதற்கே நான் மதிப்புக் கொடுப்பேன். புறங்கையை இடுப்பின் பின்னால் வைத்து, அங்கிருந்து எடுக்கச் சொல்வது முன்புறத் தசைக்கான சோதனை. கை பின்னால் போகாதவர்களை உள்ளங்கையால் வயிற்றை அழுத்தச் சொன்னால் போதும், தசை பலவீனமாக இருந்தால் முழங்கை பின்வாங்கிவிடும். நீர் (Neer), ஹாக்கின்ஸ் என்று மருத்துவர்கள் பெயரில் நீ மனப்பாடம் செய்த தோள் சோதனைகள் எல்லாம் இருக்கட்டும். வலிக்கிற தோளில் அவை எதற்கும் வலிக்கும், ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுக்காதே.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஃப்ரோசன் ஷோல்டர் என்று எழுதிய சீட்டோடு பீடி பிடிக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். சீட்டை நம்பி இரண்டு வாரம் கரண்டில் சூடு வைத்து அனுப்பினேன்; கையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. ஒருநாள் அவர் டீ கிளாஸை நழுவவிட்டபோதுதான் புறங்கையைப் பார்த்தேன். விரல்களுக்கிடையே சதை வற்றிக் குழிகள் விழுந்திருந்தன, அதே பக்கக் கண்ணிமை சற்றே இறங்கியிருந்தது. தோளைத் திருப்பினேன், முழுதாகத் திரும்பியது. நுரையீரலின் உச்சியில் கட்டி, அதுதான் கைக்குப் போகும் நரம்புகளை அழுத்தியிருந்தது. கட்டி இருக்கும் இடத்தில் சூடு கொடுக்கவே கூடாது. நான் பத்து முறை கொடுத்திருந்தேன்.

எனவே தோள் எல்லாப் பக்கமும் தாராளமாக அசைந்து, எந்த அசைவும் வலியைக் கூட்டவில்லையென்றால், தோளை விட்டுவிட்டு வேறிடம் தேடு. வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கினால் கழுத்தைப் பார். நடந்தால் வந்து நின்றால் விடும் வலி இதயத்திலிருந்து வரலாம், ஈ.சி.ஜி. எடு. வலது தோளில் வலியோடு சாப்பாட்டுக்குப் பின் வயிறும் நோகிறதென்றால் பித்தப்பையை நினை.

உன் அம்மாவுக்கு இரண்டு மாதமாகக் கொண்டை போட முடியவில்லை, ரவிக்கைக் கொக்கியை நான்தான் மாட்டிவிடுகிறேன். பொங்கலுக்கு வரும்போது அவள் தோளை நீ பார். வெளிப்புறம் எத்தனை டிகிரி திரும்புகிறது என்று நான் நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நீ அளந்து சொன்ன பிறகுதான் அதைக் காட்டுவேன்.

அன்புடன்,
அப்பா