அம்மம்மாவின் சீப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மா தமிழ், அப்பா ஜமேக்கா அல்லது நைஜீரியா என்று பிள்ளைகள் வளரும் வீடுகள் லண்டனில் இப்போது புதினமில்லை. பல வீடுகளில் பகலில் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மாதான். அன்புக்கு அங்கே குறைவில்லை. குறை சீப்பில்.

எங்கள் முடிக்குப் பழகிய கை, காய்ந்த தலையில் உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுக்கும். இறுக்கமான சுருள்முடியில் அப்படி இழுத்தால் வழியில் உள்ள சிக்கெல்லாம் கீழே போய் ஒரே முடிச்சாக இறுகும். முடி அறும், பிள்ளை குளறும். முடி நனைந்திருக்கும்போதே கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, தலையை நாலு அல்லது ஆறு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். அகலப் பல் சீப்பு அல்லது விரல் போதும். நுனியில் இரண்டு அங்குலம் சிக்கு எடுத்த பிறகுதான் அதற்கு மேல் இரண்டு அங்குலம். மற்றக் கையால் சீப்புக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்தால் தோல் இழுபடாது. முக்கால் மணி நேரமாவது செல்லும். அவசரமென்றால் அன்றைக்குத் தொடவே வேண்டாம்.

தினமும் முழுகவார்க்கவும் வேண்டாம். தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை சுருளில் இறங்கி நுனிக்கு வராது, அதனால் இந்த முடி இயல்பாகவே வறண்டது. ஷாம்பு வாரம் ஒருமுறை போதும். காய்ந்த முடியில் தேங்காயெண்ணெயை அப்புவது வீண். எண்ணெய் ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். முதலில் தண்ணீர், பிறகு கிரீம், கடைசியில் நாலு துளி எண்ணெய். இரவில் சாட்டின் தொப்பி, இல்லாவிட்டால் சாட்டின் தலையணை உறை. பருத்தி ஈரத்தை உறிஞ்சிவிடும். பின்னிய பிறகு நெற்றி ஓரத்தில் சின்னப் பருக்கள் தெரிந்தால் அன்றே அவிழ்க்க வேண்டும். அந்த இறுக்கம் வருடக்கணக்கில் தொடர்ந்தால் அங்கே முடி திரும்ப முளைக்காது. மொட்டை அடித்தால் நேராக வளரும் என்ற பேச்சையும் விடுங்கள். சுருள், தோலுக்கு உள்ளே வேர்க்குழியின் வளைவிலேயே இருக்கிறது.

பிறந்தபோதே இடுப்பிலும் பிட்டத்திலும் சாம்பல் நீலத் திட்டு இருக்கலாம். கண்டல் காயம் சில நாளில் பச்சை, மஞ்சளாக மாறும், இது அப்படிச் சில நாளில் மாறாது. நர்சரியில் அடித்த காயமென்று நினைக்காமலிருக்க, குழந்தையின் சிவப்புப் புத்தகத்தில் (உடல்நலப் பதிவேட்டில்) மருத்துவச்சியைக் கொண்டு முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும்.

கர்ப்பம் தெரிந்ததும், பத்து வாரத்துக்குள், இரத்தப் பரிசோதனை. தலசீமியாவும் அரிவாள் செல் நோயும் பெற்றோர் வழியாக வரும் இரத்த நோய்கள். நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பதைத்தான் 'கூறு' என்பது. அம்மாவிடம் பீட்டா தலசீமியாக் கூறும் அப்பாவிடம் அரிவாள் செல் கூறும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் வரும். கூறு உள்ளவருக்குப் பொதுவாக ஒரு வருத்தமும் தெரியாது. ஆகவே அப்பாவையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் 'நான் நல்லாத்தானே இருக்கிறன்' என்று தட்டக் கூடாது.

இன்னொன்று. 'கறுவல்', 'காப்பிலி' என்ற சொற்களை வீட்டில் சாதாரணமாகப் புழங்குகிறோம். பிள்ளைக்குத் தமிழ் விளங்கும். அது தன் அப்பாவைத்தான் என்பதும் விளங்கும்.

அப்பம்மா பக்கத்தில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு அருகில் இருந்து பாருங்கள். யூடியூபில் ஒரு மாதம் தேடுவது மிச்சம்.

இரு வாசகர்கள்,
ஹரோ, லண்டன்