உதட்டுக்கு முன் மூச்சு

எவன்ஸ்டன், இல்லினாய்ஸ்
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பற்களை எடுத்துவிட்டுப் பல்செட் வைத்த நாளிலிருந்து நீங்கள் டிரம்பெட் பெட்டியைத் திறக்கவே இல்லை என்று அம்மா போனில் சொன்னார்கள். போனில் நான் அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டே வார்த்தையில் வேறு விஷயத்துக்குப் போய்விடுவீர்கள் என்று தெரியும். ஆகவே கடிதமாகவே எழுதுகிறேன். ஆயுதப்படை பேண்டில் முப்பது வருடம் வாசித்தவருக்குப் பாடம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் இந்த ஊரில் வாத்தியத்தை எடுத்தவுடன் முதல் பத்து நிமிடம் என்ன செய்கிறார்கள், அதை யார் யார் எந்தக் காரணத்துக்காக உண்டாக்கினார்கள் என்பதைப் பற்றி நான் கேட்டதையும் கற்றதையும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆஸ்பத்திரியில் எனக்கு இப்போது இரவு டியூட்டி. காலையில் வந்து படுத்து, மதியம் எழுந்து, மறுபடி கிளம்புவதற்கு முன்னால் சாதகம். செவ்வாய்க்கிழமைகளில் டியூட்டி இல்லாதபோது, பள்ளிக்கூட அரங்கு ஒன்றில் கூடும் ஊர் பேண்டுக்குப் போகிறேன். சம்பளம் கிடையாது, யூனிஃபாரம் கிடையாது. பள்ளிப் பையன் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் உட்கார்ந்து வாசிக்கிறார். இந்தத் தேசத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இதுதான். வயதாகிவிட்டது என்பதற்காக யாரும் வாத்தியத்தைக் கீழே வைப்பதில்லை.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று முகத்தை அறுக்கிறது. ஒத்திகைக்கு நடந்து போகும்போது, உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸை மட்டும் கழற்றிக் கோட்டின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் அரங்கில் எடுத்து உதட்டில் வைத்ததும் உதடு மரத்துப்போகும். வாத்தியம் முதலில் சுருதியில் நிற்காது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போவதுதான் காரணம்: 0 டிகிரியில் வினாடிக்குச் சுமார் 331 மீட்டர், 20 டிகிரியில் சுமார் 343 மீட்டர். குழாய்க்குள் இருக்கும் காற்றில் அந்த வித்தியாசம் இருந்தால் சுருதி அரை சுரத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். ஆகவே இங்கே வந்தவுடன் யாரும் சுருதி பார்ப்பதில்லை. சிறிது நேரம் வெறும் மூச்சை மெல்ல உள்ளே ஊதி, குழாய் சூடேறிய பிறகே, இழுத்துத் தள்ளிச் சுருதி சேர்க்கும் ஸ்லைடைத் தொடுகிறார்கள்.

இனி என் ஆசிரியையைப் பற்றி. பள்ளிகளில் பல காலம் பேண்டு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். இதே எவன்ஸ்டனில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் சிகோவிட்ஸிடம் படித்தவர். முதல் வகுப்புக்குப் போனபோது, பெட்டியைத் திறக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என்னை நிற்கவைத்து, மூச்சை இழுத்து நிறுத்தாமல் அப்படியே வெளியே விடச் சொன்னார். ஒரு காகிதத் துண்டைச் சுவரில் வைத்து, விரலை எடுத்துவிட்டு, அது கீழே விழாதபடி ஊதச் சொன்னார். பிறகு பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டி, அதைப் பாடச் சொன்னார். அதே சுரத்தை மவுத்பீஸில் மட்டும் ஒலிக்கச் சொன்னார். இவ்வளவும் ஆன பிறகுதான் டிரம்பெட் கைக்கு வந்தது. அதிலும் ஸ்டாஃப் என்ற ஐந்து கோட்டு இசைக்குறிப்பில் கீழிருந்து இரண்டாம் கோட்டில் இருக்கும் ஜி என்ற சுரம். அங்கிருந்து அரை அரை சுரமாகக் கீழே இறங்கி, மெல்ல மெல்ல மேலே ஏறும் மெதுவான வரிசைகள். நாக்கு வேலையே செய்யாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு மூச்சு அறுபடாமல் வழுக்கிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சிகோவிட்ஸ் 1952 முதல் 1974 வரை சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் டிரம்பெட் வாசித்தார். அதே குழுவில் டியூபா வாசித்தவர் ஆர்னால்டு ஜேக்கப்ஸ். 1944 முதல் 1988 வரை அங்கே இருந்தார். நுரையீரல் கொள்ளளவு சராசரியைவிடக் குறைவாக இருந்தும், பித்தளை ஊதுவாத்தியங்களில் மிக அதிக மூச்சு கேட்கும் டியூபாவை அவர் எடுத்தார். உள்ளே இருக்கும் கொஞ்ச மூச்சை எப்படி வீணாக்காமல் செலவிடுவது என்று யோசித்து, மருத்துவ நூல்களையும் மூச்சளக்கும் கருவிகளையும் வைத்துக்கொண்டு கடைசிவரை ஆராய்ந்தார். நகரில் மிச்சிகன் அவென்யூவில் உள்ள ஃபைன் ஆர்ட்ஸ் கட்டடத்தில் அவருடைய அறை இருந்தது. டிரம்பெட், ஹார்ன், டிரம்போன் என்று எல்லா வாத்தியக்காரர்களும் அங்கே வந்து ஏறினார்கள். அவர் சொன்னதன் சாரம் பாட்டும் காற்றும் என்ற இரண்டுதான். மனதில் சுரம் பாடிக்கொண்டிருக்க வேண்டும், காற்று தாராளமாகப் போக வேண்டும். உதடு என்ன செய்ய வேண்டும் என்பதை உதடே கண்டுகொள்ளும். தசைக்கு நேராக உத்தரவு போட்டால் அது இறுகிப்போகும் என்று அவர் கருதினார்.

அப்பா, நீங்கள் படித்த காலத்தில் பேண்டு மாஸ்டர்கள் உதட்டைத்தான் பேசினார்கள். ‘உதடு இறங்கிவிட்டது’, ‘உதடு ஏறவில்லை’ என்று நீங்கள் சொல்வது இன்றும் என் காதில் இருக்கிறது. விடியற்காலையில் மைதானத்தில் நின்று எடுத்த எடுப்பில் மேல் ஸ்தாயியில் ஊதித்தான் உங்களுக்குப் பழக்கம், ஏனென்றால் பரேடுக்கு அந்தச் சத்தம்தான் தேவைப்பட்டது. அதில் பிழை ஒன்றும் இல்லை. வேலைக்குத் தக்க சாதகம். ஆனால் இப்போது உங்களுக்குப் பரேடு இல்லை, பல்லும் மாறிவிட்டது. சாதகமும் மாறலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இதற்கு நான் காட்டக்கூடிய ஆள் அடால்ஃப் ஹெர்செத். 1948இல் சிகாகோ சிம்பொனியின் முதல் டிரம்பெட்டாக அமர்ந்தவர் 2001 வரை அந்த நாற்காலியில் இருந்தார், ஐம்பத்து மூன்று வருடம். 1950களின் தொடக்கத்தில் ஒரு கார் விபத்தில் அவருடைய பற்களும் உதடும் கடுமையாகச் சேதமடைந்தன. டிரம்பெட்காரனுக்கு அதைவிடப் பெரிய இடி வேறு என்ன? உதட்டின் உணர்ச்சியையே நம்பி வாசித்திருந்தால் அவர் அன்றோடு முடிந்திருப்பார். காதில் இருக்கும் சுரத்தையும் மூச்சையும் பிடித்துக்கொண்டு மீண்டும் வந்து, அதன் பிறகுதான் உலகம் அறிந்த ஹெர்செத் ஆனார். இதை என் ஆசிரியை சொன்ன அன்று முழுவதும் உங்கள் நினைவாகவே இருந்தேன்.

சிகாகோவுக்கு வெளியேயும் பெரிய ஆசிரியர்கள் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜேம்ஸ் ஸ்டாம்ப். வாசிப்பதற்கு முன் உதட்டையும் மூச்சையும் தயார் செய்யும் அவருடைய வார்ம்-அப் பயிற்சிப் புத்தகம் 1978இல் சுவிட்சர்லாந்தில் அச்சாகி எல்லா நாட்டுக்கும் போனது. மவுத்பீஸ் ஒலியை வாத்தியத்துக்கு முன் வைத்ததும், விரலால் அழுத்தும் வால்வை மாற்றாமல் சுரத்தை அரை சுரம் கீழே வளைத்து மறுபடி மேலே கொண்டுவரும் பயிற்சியும் அவரால்தான் பரவின. நியூயார்க்கில் மேக்ஸ் ஷ்லாஸ்பெர்க் இருந்தார். அவர் மாணவர்களுக்கு எழுதிக்கொடுத்த பயிற்சிகளை, அவர் இறந்த பிறகு 1937இல் புத்தகமாக்கினார்கள். அதே நியூயார்க்கில் பின்னாளில் கார்மைன் கரூசோ இருந்தார். அவர் டிரம்பெட்காரரே அல்ல, சாக்ஸஃபோன் வாசித்தவர்! காலால் தாளம் தட்டு, மவுத்பீஸை உதட்டிலிருந்து எடுக்காதே, மூக்கால் மூச்சு வாங்கு, காற்றை ஒரே சீராக விடு என்ற நான்கு விதிகளை வைத்துக்கொண்டு, உதடு கெட்டு வந்த எத்தனையோ பேரை அவர் மீட்டார். அவருடைய முறையைப் பிறகு எடுத்து நடத்தியவர் லாரி ஃபிரிங்க் என்ற பெண்மணி. பெண்கள் அபூர்வமாக இருந்த துறையில், பெயர்பெற்ற ஜாஸ் கலைஞர்கள் அவரிடம் பாடம் கேட்டுப் போனார்கள் என்பதை எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உங்களுக்குப் பொருந்துவது என்று நான் நினைப்பது இவற்றில் எதுவும் அல்ல. இங்கிருந்து காரில் நான்கு மணி நேரத் தொலைவில், இந்தியானா பல்கலைக்கழகத்தில் வெகுகாலம் கற்றுக்கொடுத்த வில்லியம் ஆடம் என்பவரின் முறை. அவருடைய மாணவர்கள் டிரம்பெட்டின் டியூனிங் ஸ்லைடை முழுக்கக் கழற்றிவிட்டு, மவுத்பீஸை ஒட்டி மீதி நிற்கும் முதல் குழாயான லீட் பைப்பில் மட்டும் ஊதித்தான் அன்றைய சாதகத்தைத் தொடங்குவார்கள். அதில் வருவது கிட்டத்தட்ட ஒரே சுரம்தான். அழுத்தினாலோ உதட்டை இறுக்கினாலோ ஒலி உடனே மூக்கடைத்ததுபோல ஆகிவிடும். காற்று இலகுவாகப் போனால் குழாய் முழுவதும் கணீரென்று ஒலிக்கும். பொய் சொல்ல இடம் கொடுக்காத பயிற்சி இது. பிறகு ஸ்லைடைப் பொருத்தி, இரண்டாம் கோட்டு ஜியிலிருந்து ஒரு நீண்ட சுரம் கீழே, ஒரு நீண்ட சுரம் மேலே என்று இரு பக்கமும் விரிப்பார்கள். ஆசிரியர் ஒருமுறை வாசிப்பார், மாணவர் கேட்டுத் திருப்பி வாசிப்பார். நம் நாயனக்காரர்கள் குருவின் எதிரில் உட்கார்ந்து கற்பதும் இதே வழிதானே? அந்த ஒலியைக் காதில் வாங்குவதும், வாசித்த அளவு நேரம் ஓய்வெடுப்பதும் ஒரே சமயத்தில் நடந்துவிடுகிறது.

எங்கள் பேண்டில் என் வரிசையில் பல்செட் வைத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். உங்களைப் பற்றிச் சொன்னேன். மேல் பல்செட் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பல் டாக்டரிடம் வாத்தியத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டித்தான் பார்க்க வேண்டும் என்றார். தொடக்கத்தில் பல மாதங்கள் அந்த ஜிக்கு மேலே ஏறவே இல்லையாம், மவுத்பீஸை அழுத்தாமல் மெதுவாக மட்டுமே வாசித்தாராம். மெதுவாக வாசிப்பதைக் குறைவாக எண்ணாதீர்கள். மார்ச் இசைக்குப் பெயர்போன சூஸாவின் பேண்டில், டிரம்பெட்டைப் போன்ற கார்னெட்டை வாசித்துப் புகழ்பெற்ற ஹெர்பர்ட் கிளார்க் 1912இல் வெளியிட்ட பயிற்சிகளை, முடிந்தவரை மெல்லிய ஒலியில் வாசிக்கத்தான் சொல்லியிருக்கிறார். மெல்லிய சுவர்கள் உள்ள இந்த அபார்ட்மெண்டில் எனக்கும் அந்தப் புத்தகம்தான் துணை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது மிகவும் சிறியது. காலையில் காப்பி குடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, லீட் பைப்பில் ஐந்து நிமிடம் ஊதுங்கள். நடுவில் அதே அளவு நேரம் சும்மா இருங்கள். ஊதுவதற்கு முன்னால் சுரத்தைப் பாடிக்கொள்ளுங்கள். கோயில் பாடகர் குழுவில் எல்லோருக்கும் சுருதி பிடித்துக்கொடுத்த குரல் உங்களுடையது. களைப்பு தெரிவதற்கு முன்பே பெட்டியில் வைத்துவிடுங்கள். மார்ச் எதுவும் வாசிக்க வேண்டாம், மேல் ஸ்தாயி வேண்டாம். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். பழைய சத்தம் திரும்ப வரும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் உங்களிடம் இருக்கும் காதும் மூச்சும் பல்லோடு போகவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் ஈஸ்டருக்கு நாகர்கோவில் வருகிறாள். வால்வு ஆயில் இரண்டு பாட்டிலும், ஸ்லைடுக்குப் போடும் கிரீஸும், மவுத்பீஸ் தேய்க்கும் பிரஷும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். இத்தனை நாள் பெட்டியிலேயே இருந்ததால் டியூனிங் ஸ்லைடு இறுகிப் பிடித்திருக்கும். இடுக்கி போட்டு இழுக்காதீர்கள், குழாய் நசுங்கிவிடும். இணைப்புகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாள் அந்த இடத்தில் மட்டும் வெந்நீர்த் துணியைச் சுற்றி, கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பேண்டு வாத்தியம் பழுது பார்க்கிறவரிடம் கொடுங்கள். செலவை நான் அனுப்புகிறேன். ஸ்லைடு கழன்றதும் அம்மாவை விட்டு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள், லீட் பைப்பில் வரும் சுரம் எது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகள்