உப்பை விடுங்கள், எங்கள் பாறையைப் பற்றிச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய நீதி ஆயோக் எரிசக்திப் பிரிவினருக்கும், கரியமில வாயுவை நிலத்தடியில் அடைத்துவைக்கத் திட்டமிடும் மற்றவர்களுக்கும், சூளூர்ப்பேட்டையிலிருந்து வணக்கம்.

2022இல் உங்கள் கொள்கை அறிக்கை வந்ததிலிருந்து ஆந்திரக் கடலோரத்திலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. எங்கள் பக்கத்து விளக்கக் கூட்டம் ஒன்றில் பேசியவர், பூமிக்கடியில் உப்புப் பாறை மூடியாக இருப்பதால் பயமே வேண்டாம் என்று தெலுங்கில் அடித்துச் சொன்னார். என் பக்கத்தில் இருந்த மீனவப் பெரியவர் தமிழில் கேட்டார்: "உப்புன்னா கரைஞ்சிடாதா தம்பி?"

நியாயமான கேள்வி. அளத்தில் உப்பு அம்பாரத்துக்கு ஓலை வேய்வதே மழைக்குப் பயந்துதானே. ஆழத்தில் கதை வேறு. அங்கே உப்பை ஒட்டியிருப்பது உப்பு முற்றிய நீர்; அதில் மேற்கொண்டு உப்பு கரையாது. வாயு நுழைய அந்தப் பாறையில் இடுக்கும் கிடையாது. மேலிருக்கும் பாரத்திலும் அடிச்சூட்டிலும் மெல்ல இளகி நகர்வதால், விரிசல் விட்டாலும் பிசைந்த மாவு போல நாளடைவில் தானே கூடிக்கொள்ளும். நெதர்லாந்து கடற்பகுதியின் கே12-பி எரிவாயு வயலில் 2004 முதல் கரியமில வாயுவைச் செலுத்தியது இப்படியோர் உப்படுக்குக்குக் கீழேதான். பிரேசிலின் சாண்டோஸ் படுகையில் உப்பின் கனம் சில இடங்களில் சுமார் 2,000 மீட்டர்.

ஆனால் அது அவர்கள் மண். நம் நாட்டில் பாறை உப்பு கிடப்பது இமாச்சலத்தின் மண்டியிலும் ராஜஸ்தானின் பிகானேர், நாகௌர் பக்கமும். ஆந்திரக் கடலோரத்தின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் எரிவாயுவை மூடிவைத்திருப்பதில் ராகவபுரம் களிப்பாறைக்கு, அதாவது களிமண் இறுகிய பாறையடுக்குக்குப், பெரிய பங்கு உண்டு. களிப்பாறை மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நார்வேயின் ஸ்லைப்னர் கடல் வயலில் 1996 முதல் கரியமில வாயுவைத் தாங்கி நிற்பது அதுதான். அதே களிப்பாறை மூடியை நம்பி அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004இல் வாயுவைச் செலுத்தத் தொடங்கியவர்கள், அது தாங்குமா என்ற சந்தேகம் வந்ததும் 2011இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே பிரேசில் உப்பைக் காட்டி எங்களுக்கு உத்தரவாதம் தராதீர்கள்.

மூடி எதுவானாலும் அதில் ஓட்டை போடுவது மனிதன்தான். 1980இல் லூசியானாவின் பெனியர் ஏரியில் எண்ணெய் தேடித் துளை போட்டபோது, அடியிலிருந்த உப்புச் சுரங்கத்துக்குள் ஏரியே வடிந்துவிட்டது. நல்ல தண்ணீர் உப்பைக் கரைத்துத் துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. பெரியவர் கேட்டது அங்கே நடந்திருக்கிறது. இங்கே ஆந்திரத்திலேயே 1995இல் பாசர்லபூடி எரிவாயுக் கிணறு வெடித்துப் பற்றிய தீ அடங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

எங்களுக்கு வேண்டியது ஒரு வரைபடமும் சில பதில்களும். எந்த அடுக்கை மூடியாக நம்புகிறீர்கள், அதன் கனம் என்ன? அதைத் துளைத்துப் போன பழைய கிணறுகள் எங்கெங்கே, அவற்றைச் சிமெண்ட் போட்டு அடைத்ததை யார் சோதித்தார்கள்? வாயு செலுத்துவதை நிறுத்திய பிறகு எத்தனை ஆண்டு, யார் செலவில் கண்காணிப்பீர்கள்? இவற்றைத் தெலுங்கிலும், தடா, சூளூர்ப்பேட்டை வட்டாரத்துக்குத் தமிழிலும் அச்சிட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஊராட்சி அலுவலகங்களில் வையுங்கள்.