சின்னக் கீறல்தானே என்கிறவர்களுக்கு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பெப்ரவரி 6 வந்தால் பெண் உறுப்புச் சிதைப்புக்கு, அதாவது பெண் பிள்ளைகளின் பிறப்புறுப்பை வெட்டுவதற்கும் கீறுவதற்கும், எதிரான சர்வதேச தினம் என்று தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு மூலையில் செய்தி வரும். சோமாலியா, சூடான், எகிப்து என்று நாடுகளின் பெயர் இருக்கும், உலகத்தில் 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இதற்கு ஆளானவர்கள் என்ற யுனிசெப்பின் 2024 ஆம் ஆண்டுக் கணக்கும் இருக்கும். வாசிக்கிறவர் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். அந்தக் கணக்கில் 8 கோடிப் பேர் ஆசியாவில் இருக்கிறார்கள் என்பதையும், நம் இலங்கையில், இந்த மலையகத்திலும் முஸ்லிம் வீடுகளில் இது சத்தமில்லாமல் நடக்கிறது என்பதையும் யாரும் எழுதுவதில்லை. நான் கம்பளையைச் சேர்ந்த முஸ்லிம் பெண், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வெளியிலிருந்து யாரோ எழுதுவதைவிட நானே எழுதுவது நல்லது என்று நினைத்தேன்.

எல்லா வீட்டிலும் நடப்பதில்லை. நடக்கிற வீட்டில் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். பிள்ளை பிறந்து ஏழாம் நாள் முடி இறக்கி, ஆடு அறுத்து அகீகா கொடுத்து, எல்லாம் ஊரைக் கூப்பிட்டுத்தான் செய்வார்கள். ஆண் பிள்ளையின் சுன்னத்துக்கும் விருந்து உண்டு. பெண் பிள்ளைக்கு மட்டும் நாப்பதாம் நாளை ஒட்டி ஒரு காலை நேரத்தில், இதைச் செய்கிற ஒஸ்தா மாமி வருவார். அறைக்குள் பாட்டியான உம்மும்மா பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொள்வார், கையில் ஒரு பிளேட், கொஞ்சம் பஞ்சு, இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பிள்ளையின் வாப்பா பல வீடுகளில் அந்த நேரம் கடையில் இருப்பார், அவருக்குத் தெரியவும் தெரியாது. பிள்ளையைப் பெற்ற தாய்க்கு அப்போது வயது இருபது, இருபத்திரண்டு இருக்கும், உடம்பு இன்னும் தேறியிருக்காது, ராத்திரி நித்திரையும் இல்லை. அவள் ஏதாவது கேட்டால், "மகள், இது ஒண்டுமில்ல, பொட்டு ரெத்தம் வந்தாப் போதும், உனக்கும் செஞ்சதுதானே" என்று மாமியார் சொல்வார். அதோடு பேச்சு முடிந்தது.

இந்த "ஒண்டுமில்ல" என்பதில்தான் எனக்குக் கோபம். சோமாலியாவில் வெட்டித் தைக்கிறார்களே, அதோடு பார்த்தால் நம்முடையது சின்னக் கீறல்தானே என்று படித்த ஆட்களும் பேசுகிறார்கள். சரி, அளவைப் பற்றியே பேசுவோம். நாப்பது நாள் பிள்ளைக்கு அந்த இடம் எவ்வளவு பெரியது? சில மில்லிமீற்றர்தான். அதில் தோலை மட்டும் தொட்டு உறுப்பைத் தொடாமல் ஒரு பிளேட்டை நிறுத்த சத்திரசிகிச்சை படித்தவருக்கே கஷ்டம், அதுவும் பிள்ளை கத்திக்கொண்டு காலை உதறுகிறது, செய்கிறவர் எழுபது வயதான, கண்ணாடி போட்டாலும் ஊசியில் நூல் கோர்க்க முடியாத ஒரு மாமி. எவ்வளவு வெட்டுப்பட்டது என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை வளர்ந்து கலியாணம் முடித்த பிறகு ஏதாவது வலி, உணர்ச்சி இல்லாமை என்று இருந்தாலும் அதை இதோடு சேர்த்துப் பார்க்க அவளுக்கே தெரியாது, ஏனென்றால் தனக்கு இப்படி ஒன்று நடந்தது என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் இதை நாலு வகையாகப் பிரிக்கிறது. குத்துவது, கீறுவது, சுரண்டுவது எல்லாம் நாலாவது வகை, அதையும் சிதைப்பு என்றே அது சொல்கிறது, எந்த வகையிலும் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை என்றும் சொல்கிறது. அவுஸ்திரேலியாவில் தாவூதி போஹ்ரா என்ற முஸ்லிம் பிரிவைச் சேர்ந்த குடும்பம் ஒன்றின் இரண்டு சிறுமிகளுக்குச் செய்ததற்காகத் தாய்க்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவருக்கும் எதிராக வழக்கு நடந்தது. வெறும் கீறல் சிதைப்பு ஆகுமா என்பதுதான் கடைசியில் கேள்வி. ஆகும் என்று அந்த நாட்டின் உயர் நீதிமன்றம் 2019 இல் சொல்லிவிட்டது.

மார்க்கம் என்று வருவீர்கள், தெரியும். குர்ஆனில் இதைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. எடுத்துக்காட்டுகிற ஹதீஸை, அதாவது நபிமொழியை, பதிவு செய்த இமாம் அபூதாவூதே அது பலமானதல்ல என்று எழுதி வைத்திருக்கிறார். எகிப்தில் 2007 இல் ஒரு சிறுமி கிளினிக்கில் இறந்துபோன பிறகு அந்த நாட்டின் தலைமை மார்க்க அறிஞரான முப்தி அலி ஜுமுஆ இது ஹராம், மார்க்கத்தில் தடை என்றார், அடுத்த வருடம் சட்டமும் வந்தது. அதே 2008 இல் இங்கே உலமாக்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, ஷாபிஈ மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவின்படி இது கட்டாயம் என்று ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தது. ஷாபிஈ நூல்களில் அப்படி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃபத்வாவுக்கு முன்னால் எத்தனை தாய்மாரிடம் கேட்டார்கள்? ஆண்களின் குழுக்கள் முடிவெடுக்கட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த 2009 இல் ஒரு குழு போட்டார்கள், அறிக்கை 2018 இல் வந்தது. அவ்வளவுதான் வேகம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பெண்கள் வாய் திறக்காததற்கு மார்க்கம் மட்டும் காரணமில்லை. 2017 இல் சில முஸ்லிம் பெண்கள் துணிந்து பாராளுமன்றக் குழுவிடம் போய் இதைச் சொன்னார்கள். அடுத்த மார்ச்சில் திகனயில் நம் வீடுகளும் கடைகளும் எரிந்தன, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஹபாயா போட்டு பஸ்ஸில் ஏறவே பயமாக இருந்தது. அந்த நேரத்தில் இதைப் பேசினால் வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நல்ல மனம் உள்ளவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். எனக்கும் அந்தப் பயம் விளங்குகிறது. பெருநாளைக்கு நான் வட்டிலப்பம் அனுப்புகிற பக்கத்து வீட்டு இந்து அக்காவுக்கு இத்தனை வருடமாக இதைச் சொன்னதில்லை. ஆனால் இனவாதிக்குப் பயந்து நாப்பது நாள் பிள்ளையை பிளேட்டுக்கு விடுவது எந்த ஊர் நியாயம்?

2018 இல் சுகாதார அமைச்சு, வைத்தியத் துறையினர் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. நல்லது. ஆனால் ஒஸ்தா மாமி அமைச்சின் ஊழியர் இல்லையே, அவருக்கு யார் சுற்றறிக்கை அனுப்புவது? இதற்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. 1995 இல் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்த்த சிறுவர் கொடுமைப் பிரிவு இருக்கிறது, 1991 இல் கையேற்ற சிறுவர் உரிமைச் சாசனம் இருக்கிறது, உடல்நலத்தைக் கெடுக்கும் பாரம்பரிய வழக்கங்களை ஒழிக்க வேண்டும் என்று அதன் 24 ஆம் உறுப்புரையில் எழுதியும் இருக்கிறது. அதற்காக உம்மும்மாவைப் பொலிஸில் பிடித்துக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படித் தொடங்கினால் கதவு இன்னும் இறுக்கமாக மூடும்.

எனக்குத் தெரிந்த வழி மிட்வைப் மிஸ், அதாவது அரசாங்க மருத்துவிச்சி. பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை, பிறகு ஒரு தடவை, ஆறு கிழமை ஆகும்போது இன்னொரு தடவை அவர் வருகிறார். அதாவது ஒஸ்தா மாமி வருகிற அதே கிழமையில் அரசாங்கத்தின் ஆளும் அதே வாசற்படியில் நிற்கிறார், பிள்ளையின் நிறையைப் பார்க்கிறார், கொப்பியில் எழுதுகிறார், இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. பல இடங்களில் அவர் சிங்களப் பெண், முஸ்லிம் வீட்டு விஷயத்தில் வாய் வைத்தால் வம்பு என்று பயப்படுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் இது அவருடைய வேலையில் ஒன்று என்று மேலிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கர்ப்பக் கிளினிக்கிலேயே தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம், முதல் வருகையில் மாமியாரையும் உட்கார வைத்து ஐந்து நிமிடப் பேச்சு, இது போதும். அந்த இளம் தாய்க்கு, "மிஸ் வேணாமெண்டு சொன்னார்" என்று சொல்ல ஒரு சாட்டு கிடைக்கும். பாதி வீடுகளில் அவளுக்குத் தேவை அந்தச் சாட்டு மட்டும்தான்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் விரும்பினால் ஒரு ஜும்ஆவில் அபூதாவூத் என்ன எழுதினார் என்பதையாவது சொல்லலாம், சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் பெப்ரவரிக்குக் காத்திருக்காமல் இதை எழுதுங்கள், பாலைவனப் படம் போடாமல் எழுதுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். எனக்குப் பேத்தி பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, சம்பந்தி வீட்டோடு அந்தப் பேச்சை நானே நேரில் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கம்பளை.