நன்னூலில் நான் சொல்லாமல் விட்ட சூத்திரம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடி ஏறாதே என்றால்தான் கேட்பதில்லை. தம்பி புது வேலையில் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகிறது, அவன் பேச்சைக் கேட்டால் அந்த அலுவலகமே அவன் தோளில்தான் நிற்கிறது.

நீ திருத்தித் தரச் சொன்ன விண்ணப்பத்தில் நான்கு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தி அனுப்பிவிட்டேன். கிடைத்ததா என்று நீ சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டாயாம். வேலை அதிகமாக இருக்கும். பரவாயில்லை.

திருத்தும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. 'பழைய பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றும் பணியில் குழுவினருக்கு என்னாலான சிறு உதவி செய்தேன்.' இலக்கணப்படி பிழையே இல்லை, அதனால் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்த வரிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பதிவேடுகளில் ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழுந்திருந்ததைக் கண்டுபிடித்தது யார்? பிறந்த தேதி ஒத்துப்போனால் மட்டும் போதாது, பெயரை இரண்டு விதமாக எழுத்துக்கூட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும் என்று விதி வகுத்துக் கொடுத்தது யார்? அதையும் என்னிடம் 'ஒரு சின்ன விஷயம்ப்பா' என்றுதான் ஆரம்பித்தாய். பெரியத்தை அன்றைக்குச் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். நான் கேட்கப் போவதில்லை.

1999இல் க்ரூகர், டன்னிங் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு இலக்கணம், தர்க்கம், நகைச்சுவை ஆகியவற்றில் சோதனை வைத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீ எந்த இடத்தில் இருப்பாய் என்று அவர்களையே கேட்டார்கள். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து 12ஆம் இடத்தில் நிற்க வேண்டியவர்கள் தங்களை 62ஆம் இடத்தில் வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் இந்தப் பாதியை மட்டும் சொல்லிச் சிரிப்பார்கள். உன் தம்பிக்கு அது போதும். உனக்கு மறுபாதி வேண்டும். நன்றாக எழுதியவர்கள் தங்களைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். தங்கள் விடைகளைப் பற்றி அவர்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. எனக்கு இவ்வளவு சுலபமாக வந்தது எல்லோருக்கும் வந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். மற்றவர்களின் விடைத்தாள்களைக் கையில் கொடுத்ததும் கணக்கைச் சரிசெய்துகொண்டார்கள். கீழே இருந்தவர்களோ அதே தாள்களைப் பார்த்தும் மாறவில்லை.

அந்த ஆய்வை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அடியில் இருப்பவன் தவறாக மதிப்பிட்டால் மேல்நோக்கித்தானே தவற முடியும், எண்களில் ஒரு பகுதி வெறும் கணக்கின் விளைவு என்று மறுத்தவர்களும் உண்டு. ஆனால் அதே க்ரூகர் அதே ஆண்டில் காட்டிய இன்னொன்று உன்னிடம் நேராகப் பேசும். வண்டி ஓட்டுவது, மவுஸ் பிடிப்பது போன்ற சுலபமான வேலைகளில் பெரும்பாலோர் தங்களைச் சராசரிக்கு மேல் வைக்கிறார்கள். சதுரங்கம், கணினி நிரல் எழுதுவது போன்ற கடினமானவற்றில் பெரும்பாலோர் சராசரிக்குக் கீழே வைக்கிறார்கள். தான் படும் பாடு தனக்குத் தெரிகிறது, அடுத்தவர் படும் பாடு தெரிவதில்லை. நீ தேடிப் போவதெல்லாம் கடினமான வேலை. பிறகு உன் மனம் சொல்லும் மதிப்பெண்ணை எப்படி நம்புவது?

கற்றது கைம்மண் அளவு என்பாய். அது உலகத்துக் கல்வி மொத்தத்தோடு ஒப்பிட்ட அளவு, கண்ணே. பக்கத்து மேசைக்காரரோடு ஒப்பிட்டு யாரும் அதைச் சொல்லவில்லை.

அடக்கம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு வேலை உண்டு. 2001இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு சோதனையில் நீ தோற்றாய் என்று சொல்லப்பட்ட ஜப்பானிய மாணவர்கள் அடுத்த முறை அதே மாதிரிச் சோதனையில் கூடுதல் நேரம் உட்கார்ந்தார்கள். வட அமெரிக்க மாணவர்கள் வென்ற பிறகுதான் கூடுதல் நேரம் உட்கார்ந்தார்கள். குறையைத் தேடுகிற பழக்கம் கையைத் தேர்ச்சியாக்கும். அந்தப் பழக்கம் உனக்கு உண்டு, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வேலை செய்யும்போது பிடிக்க வேண்டிய கண்ணாடியை விண்ணப்பம் எழுதும்போதும் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

நோட்டு போடு என்று போன தடவையே சொன்னேன். போட்டாயா? மூன்று பத்தி போதும். வேலை, தொடங்கும் முன் உன் கணிப்பு, முடிந்த பின் நடந்தது. கணிப்பை எண்ணாக எழுது: 'புதன் மாலைக்குள் முடியும், 70 சதவீதம்.' முப்பது வேலை சேரும் வரை தீர்ப்புச் சொல்லாதே. ஐந்தாறை வைத்துப் பார்த்தால் அதிர்ஷ்டம்தான் தெரியும். பிறகு 70 என்று எழுதியதையெல்லாம் தனியாகப் பிரித்து எண்ணு. பத்துக்கு ஏழு நடந்திருந்தால் உன் தராசு சரி. ஒன்பது நடந்திருந்தால் உன்னை நீயே எடை குறைத்து நிறுக்கிறாய். வானிலை ஆய்வாளர்களின் மழைக் கணிப்பு பெரும்பாலும் நடப்போடு ஒத்துப்போவதற்குக் காரணம், நேற்றுச் சொன்னதற்கு இன்று விடை கிடைத்துவிடுகிறது. உனக்கு யாரும் விடை சொல்வதில்லை, நீதான் எழுதி வைக்க வேண்டும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் எனக்குத் தெரியும். வேலை முடிந்த பிறகு கணிப்பை எழுதினால் மனம் பொய் சொல்லும். 'நன்றாக வரும்' என்று எழுதினால் பின்னால் சரிபார்க்க முடியாது. எல்லாவற்றுக்கும் 50 போடுவது தப்பித்துக்கொள்ளும் வழி. சொதப்பியதை மட்டும் குறித்து வைக்காதே. நீ அதைத்தான் செய்வாய். வேலைக்கு முன்னால் எழுது, மறுபடியும் சொல்கிறேன், முன்னால்.

யாரிடமாவது கருத்துக் கேட்டால் 'நல்லா இருக்கா?' என்று கேட்காதே, எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'நீங்களாக இருந்தால் எந்த இடத்தை மாற்றுவீர்கள்?' என்று கேள்.

இனி அந்த வரி. 'உதவி செய்தேன்', 'பங்கேற்றேன்' என்ற வினைகளால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே இன்னொரு இடத்தில் 'பிழைகள் கண்டறியப்பட்டன' என்று எழுதியிருந்தாய். செயப்பாட்டு வினை நம் மொழியில் ஒளிந்துகொள்ள வசதியான திண்ணை. யார் கண்டறிந்தார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். என்ன சிக்கல் இருந்தது, உன் கை என்ன செய்தது, அதன் பிறகு என்ன மாறியது, இந்த மூன்றும் வர வேண்டும். சேர்ந்து செய்ததற்கு 'நாங்கள்', நீ செய்ததற்கு 'நான்'. எழுதி முடித்ததும் 'சிறந்த', 'மிகுந்த' போன்ற அடைமொழிகளை அடித்துவிட்டுப் பார். அப்போதும் செய்தி நின்றால் அதில் தற்பெருமை இல்லை.

தான்தற் புகழ்தல் தகுதி அன்று என்ற நன்னூல் சூத்திரத்தை உனக்கு ஏழு வயதிலேயே சொல்லிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த சூத்திரத்தை நான் உனக்குச் சொல்லவே இல்லை. பவணந்தியார் அங்கே நான்கு விலக்குத் தருகிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே, அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த இடங்களில் 'தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே' என்று முடிக்கிறார். விண்ணப்பம் என்பது ஓலைதானே? படிக்கப் போகிறவர்கள் உன்னை அறியாதவர்கள்தானே?

வீட்டுக்கு வந்தவர்களிடம் 'அவளுக்கு ஒன்றும் தெரியாதுங்க, ஏதோ படிக்கிறாள்' என்று சொல்வேன். நீ கதவோரம் நிற்பாய். அதை அடக்கம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அது அடக்கமில்லை, கயல். நாளைக்கு நீ தோற்றுவிட்டால் என் முகம் வாடக் கூடாது என்று முன்கூட்டியே உன்னைக் குறைத்து வைத்தேன். என் பயத்துக்கு உன் பெயரைப் போட்டேன். தம்பியை அப்படிச் சொன்னதே இல்லை என்று அம்மா நேற்று ராத்திரி சொன்னாள். யோசித்துப் பார்த்தேன், சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று நீ சொன்ன ஞாபகம். தேதி தப்பாக இருந்தால் சொல். அந்த வரியை நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். எத்தனை பதிவுகள் என்பது எனக்குத் தெரியாது, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீ நிரப்பிக்கொள். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடு, பென்சில்தான்.

அப்பா