ஆணைக்குழுக் கதிரையும் கம்பனிக் கதிரையும்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

மூதூர், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் பாவனையாளர்கள் சார்பில் எழுதுகிறோம். அமைச்சின் செயலாளர், பணிப்பாளர் நாயகம், அமைச்சர் நியமிக்கும் மூவர் என நீங்கள் ஐவர். இந்த ஐவரில் ஒருவர் விலகிய கையோடு, நீங்கள் ஒழுங்குபடுத்தும் தொலைபேசிக் கம்பனி ஒன்றில் சேர்ந்தால் அதைத் தடுக்க என்ன விதி இருக்கிறது?

அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுவிலும் ஐந்து இடங்கள்தான். 2011 ஜனவரியில் கேபிள், இணையச் சேவை வழங்கும் கொம்காஸ்ட் கம்பனி, என்பிசி யுனிவர்சல் என்ற தொலைக்காட்சி, திரைப்படக் கம்பனியை எடுத்துக்கொள்ள அது 4க்கு 1 என அனுமதித்தது. ஆதரித்தவர்களில் மெரடித் ஆட்வெல் பேக்கரும் ஒருவர். நான்கு மாதம்கூட ஆகவில்லை. மே மாதம், அதே கம்பனிக்காக அரசாங்கத்திடம் பேசும் வேலைக்குப் போவதாக அறிவித்தார். 2014இல் கைத்தொலைபேசிக் கம்பனிகளின் சங்கமான சிடிஐஏவின் தலைவரானார். 2025இல் அந்தப் பதவிக்கு வந்த அஜித் பாயும் அதே ஆணைக்குழுவின் முன்னாள் தலைவர்தான்.

பேக்கர் சட்டத்தை மீறவில்லை. எங்களை உறுத்துவது அதுதான். தன் பழைய ஆணைக்குழுவிடம் கம்பனிக்காகப் பேச அவருக்கு இரண்டு ஆண்டுத் தடை இருந்தது. அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரசிடம் பேச எந்தத் தடையும் இல்லை. ஆணைக்குழுவின் பணத்தையும் அதிகாரத்தையும் தீர்மானிப்பதோ அந்தக் காங்கிரஸ்தான்.

விலகிப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. போட்டிக் கம்பனிகள் இரகசியமாகக் கொடுத்த செலவுக் கணக்கும், எந்த அலைவரிசை எப்போது ஏலத்துக்கு வரும் என்பதும் அவருக்குத் தெரியும். வெருகல் போன்ற பரந்த, ஆள் குறைந்த இடத்தில் 700 மெகாஹேர்ட்ஸ் அலை தூரம் போகும். 2600 என்றால் அதே பரப்புக்குக் கூடுதல் டவர் கட்ட வேண்டும். எது எப்போது வரும் என்று ஒரு கம்பனிக்கு மட்டும் முன்கூட்டித் தெரிந்தால் மற்றவர்கள் ஏலத்துக்கு முன்னரே தோற்றுவிடுவார்கள்.

ஆகவே விதியை எழுத்தில் வையுங்கள். விலகி இரண்டு ஆண்டுக்கு அனுமதிப்பத்திரம் பெற்ற கம்பனியிலும், அவற்றின் சங்கத்திலும், அவற்றுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனத்திலும் சம்பளமோ கட்டணமோ வாங்கக் கூடாது. அமைச்சரிடமும் பாராளுமன்றக் குழுக்களிடமும் அவற்றுக்காகப் பேசவும் கூடாது. இதை விட்டால் அமெரிக்காவின் ஓட்டைதான் இங்கும் வரும். வேலைப் பேச்சு தொடங்கினால் ஏழு நாளுக்குள் எழுத்தில் அறிவித்து, அந்தக் கம்பனி பற்றிய முடிவுகளிலிருந்து ஒதுங்க வேண்டும். அதற்கு முந்தைய 12 மாதத்தில் அக்கம்பனிக்குச் சாதகமாக அவர் ஆதரித்த முடிவுகளை மற்றவர்கள் மீளப் பார்க்க வேண்டும். இதைத்தான் நாங்கள் பெரிதாகக் கேட்கிறோம், ஏனெனில் பேச்சு எப்போது தொடங்கியது என்பது அவர் வாயால் சொன்னால்தான் தெரியும்.

இப்போது என்ன விதி நடைமுறையில் உள்ளது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் தகவல் அலுவலரிடம் கேட்கிறோம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் வர வேண்டும். வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அடுத்து தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்வோம்.

திருகோணமலை மாவட்டத் தொலைபேசிப் பாவனையாளர்கள்