ஊருணித் திருப்பணி முடிந்தது: ஊராருக்குக் கமிட்டியின் கணக்கு

குடும்பத்துக்கு இவ்வளவு என்று போட்ட தலைக்கட்டு வரி கொடுத்த எல்லாருக்கும், வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கும் வணக்கம். கோயில் திருப்பணிக்குக் கணக்குச் சொல்வதுபோல நம் ஊர்க் குளமான ஊருணியைத் தூர்வாரியதற்கும் சொல்ல வேண்டும் என்று மாசிக் கூட்டத்தில் கேட்டீர்கள், சொல்கிறோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்த நம் பையன்கள் ஊர் திரும்பியபோது பல வீடுகளில் ஒரு வருமானமும் இல்லை. அந்த மே மாதம் மத்திய அரசு, பட்ஜெட்டில் போட்டிருந்த 61,500 கோடிக்கு மேல் இன்னொரு 40,000 கோடியை நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது. நம் மாநிலத்தில் தினக்கூலியும் 229 ரூபாயிலிருந்து 256 ஆனது. ஊருணியில் மண் வெட்டியது இந்தப் பணத்தில்தான். ஆனால் முழு அளவு வெட்டினால்தான் முழுக் கூலி, கோடை வெயிலில் காய்ந்து கிடந்த கெட்டித் தரையில் அது பல நாள் வரவில்லை. அப்படியும் பெண்கள் இரும்புச்சட்டியில் மண்ணைச் சுமந்து கரை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். நாம் கொடுத்த வரியைவிட அந்த உழைப்பு பெரிது.

சரி, வரிப்பணம் எங்கே போனது? நூறு நாள் வேலைத் திட்டத்தில் இயந்திரம் இறக்கக் கூடாது, கான்ட்ராக்டரும் கூடாது. சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டினால் மறுபடி தழைக்கும், தூரோடு பிடுங்க வேண்டும். அதற்கு வரிப்பணத்தில் வைத்த ஜேசிபி வாடகைதான் பெரிய செலவு. அப்புறம் படித்துறைக் கல்லை நிமிர்த்திய கொத்தனார் கூலி, கரைக்குப் பனை விதை. நடுவில் இருந்த இரண்டு நாட்டுக் கருவேல மரங்களையும் வெட்டச் சொன்னார்கள் சிலர், பறவை கூடு கட்டும் மரம் என்று விட்டுவிட்டோம், அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறோம்.

நூறு நாள் வேலைக் கூலி 15 நாளில் வர வேண்டும் என்பது சட்டம். சிலருக்கு ஒரு மாதம் தாண்டியும் வரவில்லை. ஒரு அக்காவுக்கு ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர், அதற்கே நாலு நடை. மூன்று பேருக்குக் கமிட்டிப் பணத்திலிருந்து கைமாற்று கொடுத்தோம், எல்லாரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் ஊருணி பாதி நிறைந்தது. 2021 ஜனவரியில் யாரும் எதிர்பாராத மழை பெய்ததே, அன்று இரவு வரத்துக்காலில் தண்ணீர் இரையும் சத்தம் கேட்டு டார்ச் லைட்டோடு போனோம். செம்மண் நுரையும் சருகுமாக உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. விடிந்தபோது படித்துறையில் மேல் மூன்று படிதான் வெளியே தெரிந்தது.

பாக்கி வேலை இரண்டு இருக்கிறது. ரோட்டோரப் பாலத்தடியில் வரத்துக்கால் இன்னும் தூர்ந்து கிடக்கிறது. கோடையில் பனங்கன்றுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதையும் கூலி வேலையாக அரசு எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும், வெட்டுவதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதாது. அடுத்த கிராம சபையில் இரண்டையும் தீர்மானமாக எழுத வைக்கக் கூட்டம் வேண்டும், வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். வரவு செலவு நோட்டும் ரசீதுகளும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் இருக்கும்.